எடைக்குறைப்பும் நிறைவேற்றுத் திறன்களும்: உப்புவெளியை முன்வைத்து

உடலெடையைக் குறைக்கும்படி அறிவுறுத்தப்பட்ட வளர்ந்தோருள் பெரும்பாலானோர் எதை உண்ண வேண்டும், எதை ஒதுக்க வேண்டும் என்பதை அறியாதவர்கள் அல்லர். சோற்றின் அளவைக் குறைக்க வேண்டும், தேநீரில் சீனியைக் கைவிட வேண்டும், பொரித்த பண்டங்களை விலக்க வேண்டும், நாள்தோறும் அரை மணி நேரமாவது விரைந்து நடக்க வேண்டும் என்னும் செய்திகளை, இலங்கையின் திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் நீரிழிவுக் கிளினிக்குக்கு வந்து பழகிய எவரும் வைத்தியர் வாய் திறக்குமுன்பே சொல்லிவிடக்கூடும். அறிந்ததற்கும் செய்வதற்கும் இடையில் விழும் தொலைவே உண்மையான நோய்க்களம் என்றாலும், அத்தொலைவுக்கு நெடுங்காலமாக ‘வாய்க்கட்டுப்பாடு இல்லை’ என்ற ஒற்றை விளக்கமே தரப்பட்டு வந்துள்ளது. அவ்விளக்கம் நோயாளியை நாணச் செய்வதைத் தவிர வேறு பயன் எதையும் தந்ததில்லை. அத்தொலைவு ஒழுக்கக் குறையால் ஆனதன்று என்பதும், அளந்தறியத்தக்க சில மனத்திறன்கள் அங்கே தொழிற்படுகின்றன என்பதும், அத்திறன்களை ஓரளவு பயிற்றலாம், ஆனால் அவற்றின் மீது ஏற்றப்பட்டிருக்கும் சுமையை இறக்காமல் பயிற்றுவது மட்டும் போதாது என்பதும் இவ்வுரையின் கருத்தாகும்.

அம்மனத்திறன்களை உளவியலார் நிறைவேற்றுத் திறன்கள் என ஒரு தொகுதியாகக் குறிப்பர். பழக்கமோ தூண்டலோ இழுக்கும் வழியே செல்லாமல், தான் வகுத்துக்கொண்ட இலக்கின் வழியே ஒருவர் தம் நடத்தையைச் செலுத்த உதவும் திறன்கள் அனைத்தும் இத்தொகுதியில் அடங்கும். நெற்றிக்குப் பின்னே அமைந்த முன்மூளைப் புறணியும் அதனோடு இணைந்த நரம்பு வலைகளும் இவற்றுக்கு அடிப்படையாக விளங்குகின்றன. அக்கிரா மியாக்கேயும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட ஆய்விலும், அடெல் டயமண்ட் 2013இல் எழுதிய தொகுப்புரையிலும் மூன்று அடிப்படைத் திறன்கள் வேறுபிரித்துக் காட்டப்பட்டுள்ளன. கைநீண்ட பிறகும் அதை மடக்கிக்கொள்ளும் ஆற்றல் தடுத்தல் திறன் எனப்படும். காலையிலிருந்து எத்தனை தேநீர் குடித்தாயிற்று, இரவுக்கு என்ன மீதமுண்டு என்பனவற்றை மனத்தில் ஏந்திக்கொண்டே அவற்றைக் கொண்டு கணக்கிடும் ஆற்றல் செயல்நினைவு ஆகும். மழையால் நடைப்பயிற்சி தடைப்பட்டால் அந்நாளையே கைவிட்டுவிடாமல் வேறு வழிக்கு மாறும் ஆற்றல் மனநெகிழ்வு எனப்படும். திட்டமிடல், சிக்கலை அவிழ்த்தல், பின்னர் வரும் பெரும்பயனுக்காக உடனே கிடைக்கும் சிறுபயனை விடுதல் ஆகிய உயர்நிலைத் திறன்கள் இம்மூன்றின் மேலேயே எழுகின்றன.

இனி, நடத்தைவழி எடைக்குறைப்பு என்னும் முறை நோயாளியிடம் எதைக் கேட்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் ஸ்டுவர்ட் 1967இல் எட்டுப் பெண்களின் எடைக்குறைப்பை விவரித்து எழுதிய கட்டுரையிலிருந்து இம்முறையின் நவீன வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். உண்டதை எழுதி வைத்தல், எடையைக் குறித்து வைத்தல், ஆசையைத் தூண்டும் பொருள்களைக் கண்ணுக்கு எட்டாமல் அகற்றல், சிறிய இலக்குகளை வகுத்தல், தடை வருமிடத்தை முன்னுணர்ந்து மாற்றுவழி காணல் ஆகியவை அதன் உறுப்புகள். 3234 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இம்முறைக்கு உலகெங்கும் மதிப்பைத் தேடித்தந்தது. எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதையும் வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பையும் இலக்காகக் கொண்ட குழுவில் நீரிழிவு தோன்றுவது 58 விழுக்காடு குறைந்தது. ஆயினும் மேற்கூறிய உறுப்புகளை மீண்டும் ஒருமுறை பார்த்தால், அவற்றுள் ஒவ்வொன்றும் நிறைவேற்றுத் திறனைச் செலவிட்டே செய்யத்தக்கது என்பது விளங்கும். எழுதி வைப்பதற்குச் செயல்நினைவும், அகற்றி வைப்பதற்குத் திட்டமிடலும், மாற்றுவழிக்கு மனநெகிழ்வும் வேண்டும். எத்திறன் தளர்ந்திருக்கிறதோ அத்திறனையே மருந்தை உட்கொள்வதற்கான நிபந்தனையாக வைக்கும் சிகிச்சை இது. இதைப் பற்றி மருத்துவ உலகம் சிந்திக்க மிகவும் காலம் தாழ்த்திவிட்டது.

அத்திறன்கள் தளர்ந்திருப்பது வெறும் ஊகமன்று. யாங், ஷீல்ட்ஸ் முதலியோர் 72 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட பகுப்பாய்வு, உடற்பருமன் உடையோர் தடுத்தல், செயல்நினைவு, மனநெகிழ்வு, திட்டமிடல், முடிவெடுத்தல் ஆகியவற்றில் சராசரியாகச் சற்றுக் குறைந்த மதிப்பெண் பெறுவதைக் காட்டியது. இதைப் படிப்போர் ஓர் எச்சரிக்கையை மனத்திற் கொள்ள வேண்டும்: இது கூட்டத்தின் சராசரி பற்றிய கூற்றேயன்றி, பருமனான எந்தத் தனிமனிதரின் அறிவு பற்றிய தீர்ப்புமன்று. காரணகாரியத் தொடர்பும் ஒருவழிப் பாதையாக இல்லை. தடுத்தல் திறன் குறைவதால் எடை கூடுவதுபோலவே, பருமனோடு வரும் நாட்பட்ட அழற்சி, இன்சுலின் தடை, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல் ஆகியவற்றால் அத்திறனும் தேய்கிறது. எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின்னர் நினைவும் கவனமும் மேம்படுவதைக் கண்ட ஆய்வுகள் இப்பின்னோட்டத்தை உறுதிப்படுத்துகின்றன.

திறன் தளர்ந்திருப்பின் அதைப் பயிற்றினால் என்ன என்ற கேள்வி இங்கே இயல்பாக எழுகிறது. முதலில் முயலப்பட்டவை கணினிப் பயிற்சிகள். எக்ஸெற்றர் பல்கலைக்கழகத்தின் நத்தாலியா லோரன்ஸ் தலைமையில் 2015இல் வெளியான ஆய்வில், 83 பேர் ஒரு வாரத்தில் நான்கு முறை, முறைக்குப் பத்து நிமிட அளவில், திரையில் தோன்றும் படங்களுக்கு விசையை அழுத்திப் பழகினர்; பயிற்சிக் குழுவினருக்கு இனிப்பு, பொரியல் ஆகியவற்றின் படங்கள் வரும்போதெல்லாம் விசையை அழுத்தாமல் நிறுத்த வேண்டும் என்பதே விதி. அக்குழுவினர் சிறிது குறைவாக உண்டனர். சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோ எடையும் இழந்தனர். நெதர்லாந்தில் செயல்நினைவை விளையாட்டு வடிவில் பயிற்றிய ஆய்வொன்று, உண்ணும் அளவு குறைந்தும் உடலெடை குறையவில்லை என முடிந்தது. செயல்நினைவுப் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்த மெல்பி லெர்வாக்கும் ஹியூமும், பயின்ற விளையாட்டில் மனிதர் தேர்ச்சி பெறுகின்றனரே தவிர அத்தேர்ச்சி வாழ்வின் பிற செயல்களுக்குப் பெயர்வதில்லை என்ற முடிவுக்கு வந்துள்ளனர். திரையில் கற்ற தடுத்தல் திரையோடு நின்றுவிடும் ஆபத்து இப்பயிற்சிகளில் உண்டு. இவற்றைப் பெருஞ்செலவில் இறக்குமதி செய்யும் எண்ணம் இலங்கையின் பொதுச் சுகாதாரத் துறைக்கு வராதிருப்பது நல்லது.

இரண்டாவது வகைப் பயிற்சி வேறு தன்மையது. அது திறனைக் கூர்மைப்படுத்துவதைவிட, உள்ள திறனை எங்கே எப்போது செலவிடுவது என்னும் உபாயத்தைக் கற்பிக்கிறது. மூளைக்காயம் அடைந்தோருக்காக இயன் ரொபர்ட்சனும் பிரையன் லெவினும் வளர்த்தெடுத்த இலக்கு மேலாண்மைப் பயிற்சி இதற்கு மூலமாகும். காயமடைந்தோர் இலக்கை மறப்பதில்லை, கேட்டால் பிழையின்றிச் சொல்வர், ஆனால் செயலில் இறங்கும் கணத்தில் அது மனத்தின் முன்னணியிலிருந்து நழுவிவிடுகிறது என்பதை அவர்கள் கண்டனர். ஆகவே பயிற்சியின் முதற்படி நிறுத்தம்: நாளில் பலமுறை கையிலுள்ள செயலை நிறுத்தி, ‘இப்போது நடப்பது என்ன, நடக்க வேண்டியது என்ன’ என்று வினவும் பழக்கம். பின்னர் இலக்கைச் சொல்லாக்கல், அதைச் சிறு படிகளாகப் பிரித்தல், இறுதியில் சரிபார்த்தல். நழுவும் இலக்கு என்ற இக்கருத்து மூளைக்காயம் இல்லாதவர்க்கும் பொருந்தும் என்பதை, கலியாண வீட்டுப் பந்தியிலிருந்து எழுந்தபின் தம் கட்டுப்பாட்டை நினைத்துக்கொண்ட எவரும் மறுக்கமாட்டார்.

இவ்வகை உபாயங்களை எடைக்குறைப்போடு இணைத்த ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்கது, அவுஸ்திரேலியாவில் ஜெயந்தி ராமன், பிலிப்பா ஹே முதலியோர் நடத்தி 2018இல் வெளியிட்ட எழுமாற்றுப் பரிசோதனையாகும். பங்கேற்போர் எந்தக் குழுவில் சேர்வர் என்பதைத் தற்செயலால் தீர்மானிக்கும் ஆய்வுமுறைக்கு இப்பெயர். உடற்பருமன் உடைய 80 பேர் மூன்று வாரக் குழுவகுப்புகளில் வழக்கமான நடத்தைவழி எடைக்குறைப்பைக் கற்றனர். அதன்பின் ஒரு பாதியினர்க்கு மட்டும் வாரம் இருமுறையாக எட்டு அமர்வுகளில், சிந்தனையின் விறைப்பைத் தளர்த்தி மாற்றுவழி காணவும் முழுமையை நோக்கவும் பழக்கும் அறிதிறன் சீரமைப்புப் பயிற்சி தரப்பட்டது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றோரில் 68 விழுக்காட்டினர் தம் எடையில் ஐந்து விழுக்காடோ அதற்கு மேலோ இழந்திருந்தனர். மற்றக் குழுவில் அந்நிலையை எட்டியோர் 15 விழுக்காட்டினரே. இவ்வேறுபாடு வியப்பூட்டுவது, ஆயினும் மற்றக் குழுவினர்க்கு அவ்வெட்டு அமர்வுகளுக்கு ஈடான மனிதத் தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை என்பதையும், பின்தொடர்ந்த காலம் குறுகியது என்பதையும் மறைத்து இதைப் போற்றுவது முறையன்று. உபாயம் வென்றதா, எட்டு முறை ஒருவர் உட்கார்ந்து காதுகொடுத்தது வென்றதா என்பது இவ்வாய்வினால் மட்டும் தெளியாது. இரண்டும் சேர்ந்தே வென்றிருப்பின் அதில் இழுக்கும் இல்லை.

நிறைவேற்றுத் திறன் என்பது மூளைக்குள் அடைபட்ட ஒரு சொத்து, சிலரிடம் மிகுதியாகவும் சிலரிடம் குறைவாகவும் இருப்பது என்ற எண்ணத்தை மாற்றியமைத்த ஆய்வொன்று தமிழ்நாட்டின் கரும்பு வயல்களில் நிகழ்ந்தது என்பதைத் தமிழ் வாசகர் பலர் அறியார். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் 2013இல் வெளியிட்ட அவ்வாய்வின் ஒரு பகுதி, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளைப் பற்றியது. கரும்பு விவசாயிக்குப் பணம் ஆண்டுக்கு ஒருமுறை, அறுவடைக்குப் பின்னரே வருகிறது. ஆகவே அதே மனிதர் அறுவடைக்கு முன்பு வறியவராகவும் பின்பு ஓரளவு வசதியுடையவராகவும் இருக்கிறார். அறுவடைக்கு முந்திய காலத்தில் 78 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு பொருளை அடகு வைத்திருந்தனர். பிந்திய காலத்தில் அது 4 விழுக்காடாகக் குறைந்திருந்தது. ஆலைகள் வகுக்கும் முறைப்படி வெவ்வேறு வயல்களில் வெவ்வேறு வேளைகளில் வெட்டு நடப்பதால், காணப்படும் மாற்றத்தைப் பருவநிலையின் தலையில் கட்டிவிடவும் முடியாது.

அவ்விவசாயிகளுக்குத் தரப்பட்ட சோதனைகளுள் ஒன்று, எழுத்தறிவு குறைந்தோருக்கேற்ப எண்களால் அமைக்கப்பட்டது. மூன்று ஐந்துகள் அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்தால் ‘ஐந்து’ என்று வாய் முந்தும். ஆனால் எத்தனை எண்கள் உள்ளன என்பதே கேள்வியாதலால் ‘மூன்று’ என விடை சொல்ல வேண்டும். முந்திவரும் விடையை விழுங்கிச் சரியானதைச் சொல்லும் இச்சோதனை, தடுத்தல் திறனை நேரே அளப்பது. வடிவங்களின் ஒழுங்கைக் கண்டு விடுபட்டதைத் தேர்ந்தெடுக்கும் மற்றொரு சோதனையும் உடன் நடத்தப்பட்டது. அறுவடைக்கு முன்பு அதே விவசாயிகள் எண் சோதனையில் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டனர், கூடுதல் பிழைகளும் செய்தனர். வடிவச் சோதனையிலும் அவர்களது மதிப்பெண் குறைந்தே இருந்தது. கடனை எப்போது அடைப்பது, அடகுச்சீட்டின் தவணை எப்போது முடியும் என்ற எண்ணங்கள் மனத்தின் இடத்தை நிரப்பிக்கொள்வதால், மீதமுள்ள செயல்களுக்குக் கிடைக்கும் இடம் சுருங்குகிறது என்பது ஆய்வாளர் தந்த விளக்கம். அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் வறிய குடும்பத்தினரைச் சோதித்த பிறிதோர் ஆய்வு இத்தகைய வேறுபாட்டைக் காணவில்லை என்பதால், இவ்விளக்கம் விவாதத்துக்கு அப்பாற்பட்டதாகிவிடவில்லை. எனினும், ஆண்டு முழுவதற்குமான வருமானத்தை ஒரே வெட்டில் எதிர்நோக்கியிருப்பதும், மாதச் சம்பளத்துக்கு மூன்று நாள் காத்திருப்பதும் ஒரே அளவுச் சுமைகள் அல்ல என்பதைக் கருதும்போது, கரும்பு வயலின் சான்று உப்புவெளி போன்ற ஊருக்கே அணித்தாக நிற்கிறது.

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் முதலில் கடக்கும் கடலோரப் பகுதியான உப்புவெளியில், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் மீன்பிடி, விடுதித்தொழில், துறைமுகம் சார்ந்த வேலைகள், அரச பணி, நாட்கூலி ஆகியவற்றால் வாழ்கின்றனர். முப்பதாண்டுப் போர், 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை, சுற்றுலாவை முடக்கிய பெருந்தொற்று, அதைத் தொடர்ந்த பொருளாதார நெருக்கடி ஆகிய நான்கையும் ஒரே தலைமுறை தாங்கிய கடற்கரை இது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 விழுக்காட்டை எட்டியது. அதாவது ஓராண்டில் உணவின் விலை ஏறத்தாழ இருமடங்கானது. அம்மாதங்களில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற மீனவரிடமும், எரிவாயு இன்றி விறகு தேடிய பெண்ணிடமும் நாட்குறிப்பில் கலோரி எழுதச் சொல்வது எத்தகைய அறிவுரை என்பதை ஆலோசனை வழங்குவோர் சிந்திக்க வேண்டும். விலையேற்றம் மனத்தின் இடத்தைக் கவர்வதோடு நிற்பதில்லை. மீனும் மரக்கறியும் பருப்பும் தட்டிலிருந்து குறைய, அவை விட்ட இடத்தைச் சோறும் பாணும் சீனியும் நிரப்பிக்கொள்கின்றன. ஒருபுறம் தீர்மானிக்கும் ஆற்றல் குறைகிறது. மறுபுறம் தீர்மானிக்க வேண்டிய பொருளே மோசமாகிறது.

தென்னாசியரின் உடலமைப்பு இந்நெருக்கடியை மேலும் கூர்மையாக்குகிறது. ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் தோன்றுவதால், உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடற்திணிவுச் சுட்டி 23ஐக் கடக்கும்போதே ஆசியரிடம் கவனம் தேவை என 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பரிந்துரைத்தது. இலங்கையில் 2005–2006இல் நடந்த தேசிய அளவிலான ஆய்வு வளர்ந்தோரில் 10.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருப்பதையும், நகர்ப்புறத்தில் அது 16.4 விழுக்காடாக இருப்பதையும் கண்டது.

இத்தனை சுமைக்கு நடுவிலும் இவ்வூர் மக்களின் மனவுறுதி தளர்ந்துவிடவில்லை என்பதற்கு அவர்களது நோன்புகளே சான்று. ‘சீனியை விட முடியவில்லை’ என்று கிளினிக்கில் தலைகுனியும் அதே பெண், ஐப்பசியில் கந்தசஷ்டியின் ஆறு நாளும் உபவாசம் இருக்கிறார். அவரது முஸ்லிம் அயலவர் ரமழான் மாதம் முழுவதும் பகலில் ஒரு மிடறு நீரும் அருந்துவதில்லை. தடுத்தல் திறன் இல்லாதவர் என்று இவர்களைச் சொல்ல இயலாது. அப்படியாயின் நோன்பில் கைகூடுவது எடைக்குறைப்பில் ஏன் கைகூடவில்லை? நோன்பின் விதி ஐயத்துக்கு இடமின்றித் தெளிவானது. தொடங்கும் நாளும் முடியும் நாளும் முன்னரே குறிக்கப்பட்டவை. வீட்டில் சமையலே அதற்கேற்ப மாறுகிறது. அயலெல்லாம் உடன் நோற்கிறது. எவரும் தேநீரை நீட்டி வற்புறுத்துவதில்லை. அனைத்துக்கும் மேலாக, அதற்கு ஓர் உயர்ந்த பொருள் உண்டு. ஒவ்வொரு கணமும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டிய தேவையை நோன்பு நீக்கிவிடுகிறது. எடைக்குறைப்போ விதியை மங்கலாகவும் காலத்தை முடிவற்றதாகவும் விட்டு, வீட்டார் அனைவரும் வழமைபோல் உண்ணும் பாயில் ஒருவரை மட்டும் தனியே போராட விடுகிறது. நீரிழிவு மாத்திரை உட்கொள்வோர்க்கு நோன்பு ஆபத்தாகலாம் என்பதால், நோன்பை எடைக்குறைப்பு மருந்தாகப் பரிந்துரைப்பது இங்கு நோக்கமன்று. நோன்பின் கட்டமைப்பிலிருந்து கற்க வேண்டியது மிகுதி என்பதே கருத்து.

வெளியிலிருந்து தரப்படும் கட்டமைப்பு எவ்வளவு செய்யும் என்பதைச் சென்னை ஆய்வுகள் காட்டுகின்றன. அம்பாடி ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர் பங்கேற்றனர். மூன்றாண்டில் வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் 55 விழுக்காட்டினர்க்கும், வாழ்க்கைமுறை வழிகாட்டலைத் தொடர்ச்சியாகப் பெற்றோரில் 39.3 விழுக்காட்டினர்க்கும் நீரிழிவு தோன்றியது. வழிகாட்டல் பெற்றோரின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாமலேயே இப்பயன் விளைந்தது என்பது எடைத்தட்டின் முள்ளை மட்டுமே நோக்கும் கிளினிக்குகள் ஊன்றிப் பார்க்க வேண்டிய செய்தி. அதே குழுவினர் 2013இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இவ்வுரைக்கு இன்னும் நெருங்கியது. வேலைக்குச் செல்லும் 537 ஆண்களில் ஒரு பாதியினரின் கைப்பேசிகளுக்கு, அவரவர் மனமாற்றத்தின் எந்தப் படியில் நிற்கின்றனர் என்பதற்கேற்ப எழுதப்பட்ட குறுஞ்செய்திகள் வாரத்தில் சிலமுறை இரண்டாண்டுக் காலம் அனுப்பப்பட்டன. செய்தி பெற்றோரில் 18 விழுக்காட்டினரும் பெறாதோரில் 27 விழுக்காட்டினரும் நீரிழிவுக்கு ஆளாயினர். மனத்தின் முன்னணியிலிருந்து நழுவும் இலக்கை மீண்டும் அங்கே கொண்டுவந்து வைப்பதே அச்செய்திகள் செய்த வேலை. அதாவது, நோயாளியின் செயல்நினைவு சுமக்க வேண்டியதில் ஒரு பங்கைக் கைப்பேசி சுமந்தது. இம்முறைக்குச் செலவாவது மிகச் சிறு தொகையே.

இலங்கையில் 2011 முதல் நிறுவப்பட்டுவரும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள், எடை, குருதி அழுத்தம், குருதிச் சீனி ஆகியவற்றை அளந்து ஆபத்துள்ளோரை இனங்காணும் பணியைச் செய்கின்றன. உப்புவெளி சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் குடும்பநல உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வீடுவீடாக மக்களை அறிந்தவர்கள். இவ்வமைப்பில் நிறைவேற்றுத் திறன் பயிற்சியைச் சேர்ப்பதற்குக் கணினியும் வேண்டாம், உளவியலாளர் பட்டாளமும் வேண்டாம். அறிவுரை கூறும் நேரத்தில் பாதியை உபாயம் பழக்குவதற்கு ஒதுக்கினால் தொடங்கிவிடலாம்.

அவ்வுபாயங்களுள் நன்கு ஆராயப்பட்டது, பீட்டர் கோல்விற்சர் 1999இல் விளக்கிய ‘இது நேர்ந்தால் இதைச் செய்வது’ என்னும் திட்டமாகும். ‘இனிமேல் குறைவாக உண்பது’ என்ற பொதுத் தீர்மானம் எந்தக் கணத்திலும் பற்றிக்கொள்ள இடமின்றி மிதக்கிறது. குறிப்பிட்ட தூண்டலோடு குறிப்பிட்ட செயலைக் கட்டிவைத்த தீர்மானமோ, அத்தூண்டல் வந்ததும் ஏறத்தாழத் தானாகவே நினைவுக்கு வருகிறது. இலங்கையின் ஊர்களில் பேத்தோவனின் பியானோ மெட்டை ஒலித்தபடி வரும் பாண் முச்சக்கர வண்டியைவிடத் தெளிவான தூண்டலைக் காண்பது அரிது. அம்மெட்டுக் கேட்டதும் பிள்ளைகள் வாசலுக்கு ஓடுவர். மாலுபாணும் கிம்புலா பணிசும் வீட்டுக்குள் வரும். ‘வண்டியின் மெட்டுக் கேட்டால் கேத்திலை அடுப்பில் வைத்துச் சீனியில்லாப் பிளேன் டீ ஊற்றுவது’ என்று முன்னரே வாய்விட்டுச் சொல்லி, எழுதி, அதே மெட்டைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு ஓரிரு முறை நடித்தும் பார்ப்பது பயிற்சி. இத்தகைய திட்டங்கள் நல்லுணவைப் புதிதாகச் சேர்ப்பதில் கூடுதலாகவும், பழகிய தீனியை விலக்குவதில் குறைவாகவும் பயன் தருவதாக 2011இல் வெளியான தொகுப்பாய்வு காட்டுகிறது. ஆகவே முதற் சில வாரங்களுக்குச் சோற்றைக் குறைக்கும் பேச்சை எடுக்காமல், ‘தட்டை எடுத்தால் முதலில் முருங்கையிலைச் சுண்டலையோ வல்லாரைச் சம்பலையோ வைப்பது’ போன்ற சேர்க்கும் திட்டங்களில் தொடங்குவதே பொருத்தம்.

அடுத்தது, தீர்மானம் எடுக்கும் இடத்தை மேலே நகர்த்துதல். பசியோடு பாயில் அமர்ந்தபின் இரண்டாம் அகப்பைச் சோற்றை மறுப்பது தடுத்தல் திறனின் கடினமான தேர்வு. காலையில், பசியற்ற வேளையில், பானைக்குப் போடும் அரிசியில் அரைச் சுண்டு குறைத்து அளப்பது எளிய தேர்வு. தேநீரிலும் இதுவே வழி. கரண்டிக்கு நான்கு கிராம் என்ற கணக்கில், இரண்டு கரண்டிச் சீனியிட்ட ஐந்து தேநீர் நாளொன்றுக்கு 40 கிராம் சீனியைச் சேர்க்கிறது. சேர்த்த சீனியை 25 கிராமுக்குள் அடக்குவது மேலும் நன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஐந்து முறை மறுக்கும் போராட்டத்தைவிட, அந்நாளுக்குரிய சீனியைக் காலையிலேயே ஒரு சிறு போத்தலில் அளந்து வைத்து, அது தீர்ந்தால் தீர்ந்தது என்றிருப்பது செயல்நினைவின் வேலையைப் போத்தலுக்கு மாற்றிவிடுகிறது. இங்கே குடும்பத்தாரை அழைக்காமல் ஒருவருக்கு மட்டும் பயிற்சி தருவது வீண். நீற்றுப்பெட்டியில் புட்டை அவிக்கிறவர் ஒருவர், சந்தையில் வாங்குகிறவர் வேறொருவர், மிச்சத்தை வீணாக்க மனமின்றிக் கடைசியில் உண்கிறவர் பெரும்பாலும் தாய். நிறைவேற்றுத் திறன் என்பது ஒரு வீட்டுக்குள் பலரிடையே பகிர்ந்து கிடப்பது.

வீட்டைக் கடந்தும் சுமையை இறக்கும் வழிகள் உண்டு. அவை அரசின் கையில் உள்ளன. இலங்கை 2016 ஆகஸ்டில் இனிப்புப் பானங்களின் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களால் காட்டும் முறையைக் கொண்டுவந்தது. 2017 நவம்பரில் பானங்களிலுள்ள சீனிக்குக் கிராம் கணக்கில் வரியும் விதித்தது. சிற்றெழுத்தைப் படித்துக் கணக்கிட வேண்டிய வேலையை ஒரு நிறப்பொட்டு செய்துவிடுவதால், இச்சட்டங்கள் நிறைவேற்றுத் திறனுக்குத் தரப்பட்ட மிக மலிவான துணை எனலாம். 1980 முதல் திருகோணமலைத் துறைமுகக் கரையில் இயங்கும் பிரீமா மா ஆலையின் நிழலில் வாழும் இம்மாவட்டத்தில், கோதுமை மாவும் சீனியும் எங்கும் எளிதில் கிடைக்க, குரக்கனும் பயறும் தேடி வாங்க வேண்டியவையாக இருக்கும்வரை, எந்தப் பயிற்சியும் எதிர்நீச்சலாகவே இருக்கும். பசியையே அடக்கும் செமாக்ளூடைட் போன்ற புதிய மருந்துகள் வந்துவிட்ட நிலையில் இப்பயிற்சியெல்லாம் எதற்கு என்ற கேள்வியும் எழலாம். 2021இல் வெளியான ஆய்வில் அம்மருந்து 68 வாரத்தில் சராசரி 14.9 விழுக்காடு எடையைக் குறைத்தது உண்மையே. ஆனால் நிறுத்தினால் எடை திரும்பும் அம்மருந்தை வாரந்தோறும் ஆண்டுக்கணக்கில் வாங்குவது நாட்கூலிக் குடும்பத்துக்கு எட்டாத காரியம்.

உப்புவெளியில் இத்தகைய திட்டமொன்று தொடங்கப்படுமாயின், அதன் பயனை எடையால் மட்டும் அளக்கக் கூடாது. இடுப்புச் சுற்றளவும் குருதிச் சீனியும் அளக்கப்படுவதோடு, கரும்பு விவசாயிகளுக்குத் தரப்பட்ட எண் சோதனை போன்ற எளிய அளவையும் தொடக்கத்திலும் முடிவிலும் சேர்க்கப்பட வேண்டும். வழக்கமான அறிவுரையைப் பெறும் ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே எண்ணிக்கையில் சந்திப்புகள் வழங்கினாலன்றி அவுஸ்திரேலிய ஆய்வு விட்டுச்சென்ற ஐயம் தீராது. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அருகிலேயே இருப்பதால், தமிழிலும் சிங்களத்திலும் பயிற்சிக் கையேட்டை ஆக்கி, ஊர்ச் சமையலறைகளிலேயே அதைச் சோதித்துத் திருத்துவதற்கு மனிதவளம் உண்டு. ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களுக்கு வருவோரில் பெண்களே மிகுதி. ஆண்கள் வருவது குறைவு. இரவுக் கடலிலிருந்து காலையில் கரைசேரும் மீனவர், நிலையம் திறந்திருக்கும் முற்பகலில் வலையைத் துப்புரவு செய்துகொண்டோ உறங்கிக்கொண்டோ இருப்பார். உறக்கமின்மை தடுத்தல் திறனைத் தளர்த்தும் என்பதால் பயிற்சி மிகவும் தேவைப்படுவோர் அவர்களே. அவர்களுக்கான அமர்வுகளை மீனவர் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில், கடலுக்குப் போகாத நாளின் மாலையில் வைப்பதற்கு நிலையத்தின் நேர அட்டவணையை மாற்றும் அதிகாரம் மட்டுமே தேவை.